சஹனில் அவளுக்கு வலப்பக்கம்

எழுதிப் பழக்கமில்லாத கை இது. ஐந்தாம் வகுப்போடு என் பள்ளிக்கூடம் நின்றுபோனது. அதற்குப் பிறகு நான் எழுதியதெல்லாம் தைக்க வருகிற சட்டைகளின் அளவுதான். வசனம் கோணலாக ஓடினால் பொறுத்துக்கொள்ளுங்கள். எது முதலில் நடந்தது, எது பிறகு நடந்தது என்பதும் சில இடங்களில் மறந்துவிட்டது. ஆட்களுக்கு முன்னால் வாய் திறக்கவே கூச்சப்படுகிறவள் நான். மட்டக்களப்பு ஆஸ்பத்திரியில் கைகால்களுக்குப் பயிற்சி கொடுக்கிற மிஸ்தான், "பேச வேண்டாம் அம்மா, எழுதித் தாங்க. இப்படிப் பிள்ளை வச்சிருக்கிற தாய்மார் வாசிக்கட்டும்" என்று சொன்னார். பேசுவதைவிட இது பரவாயில்லை என்று ஒத்துக்கொண்டேன்.

பிள்ளை என் கடைசித் தங்கையின் மகள். வீட்டில் நான் மூத்தவள், அவள் கடைசி. எங்கள் இருவருக்கும் இடையில் ஒரு வரிசைப் பிள்ளைகள். அவளை இடுப்பில் வைத்து வளர்த்ததே நான்தான். எங்கள் ஊர் காத்தான்குடி, ஆற்றங்கரைப் பக்கம். வாவியைத்தான் நாங்கள் ஆறு என்கிறோம். எங்கள் பக்கத்தில் வீடு பெண்ணுக்குத்தான் போகும். எனக்குப் பிள்ளை இல்லை. என்னைக் கட்டிய மாப்பிள்ளை மௌத்தாகி நான் தனித்த பிறகு என் வீட்டைத் தங்கையின் கலியாணத்துக்கு எழுதிக் கொடுத்துவிட்டு, பக்கத்து அறையில் தையல் மெஷினோடு இருந்துகொண்டேன். தங்கையின் மாப்பிள்ளை கட்டாரில் வேலை. ஆக, வீட்டில் நாங்கள் மூன்று பேர். தங்கை, பிள்ளை, நான்.

தங்கை வயது போய்த்தான் வயிற்றில் வாங்கினாள். சர்க்கரை வியாதி, எங்கள் பேச்சில் சீனி வருத்தம், அதுவும் இருந்தது. பிள்ளை பெரிய பிள்ளை. பிரசவத்தில் தலை வந்த பிறகு தோள் மாட்டிக்கொண்டது. அந்த நேரத்தில் அங்கே நின்றவர்கள் சட்டென்று இழுத்து எடுத்திருக்காவிட்டால் பிள்ளையும் இல்லை, தாயும் இல்லை. அதை நாங்கள் ஒருநாளும் மறக்கவில்லை. ஆனால் கழுத்திலிருந்து கைக்குப் போகிற நரம்புகள் அந்த இழுவையில் நைந்துபோயின என்று மறுநாள் டாக்டர் சொன்னார். வலது கை பிள்ளைக்குப் பக்கத்தில் சும்மா கிடந்தது. பஞ்சு போதாமல் அடைத்த பொம்மையின் கை இப்படித்தான் கிடக்கும்.

விரல்கள் முதலிலிருந்தே அசைந்தன. அந்த விரல்களைப் பார்த்துத்தான் நாங்கள் சோறு தின்றோம். துணி மாற்றுகிற ஒவ்வொரு தடவையும் கையைத் தூக்கி, மடித்து, வெளிப்பக்கம் திருப்பி விட வேண்டும் என்று மிஸ் காட்டித் தந்தார். தங்கைக்குப் பயம், அழுவாள். நான் செய்வேன். சில மாதத்தில் முழங்கை மடிந்தது. நரம்பு தானாகவே திரும்பி வருகிறது என்றார்கள். வந்தது, ஆனால் தோளில் வந்து பாதியில் நின்றுவிட்டது. அவள் நடந்தாள், ஓடினாள், எழுத்துக்கூட எழுதினாள். கையை உயர்த்தினால் தோள் மட்டத்துக்குக் கீழேயே நின்றுவிடும். உள்ளங்கை எப்போதும் உள்பக்கமாகத் திரும்பியே இருக்கும்.

பார்த்தால் பெரிய குறை தெரியாது. சாப்பிட உட்கார்ந்தால்தான் தெரியும். கை வாய்க்குப் போகும்போது முழங்கை பக்கவாட்டில் மேலே எழும்பிவிடும். டாக்டர்மார் இதை எக்காளம் ஊதுகிற கை என்பார்களாம், மிஸ் சொன்னார். எங்கள் ஒழுங்கையில், இந்தச் சின்னத் தெருவில், எக்காளத்தை யார் கண்டது. கோழிதான் கண்டிருக்கிறார்கள். செட்டை விரிக்கிறாள் என்றார்கள்.

வீட்டில் தனித்தட்டில் சாப்பிடும்போது அது யாருக்கும் இடைஞ்சல் இல்லை. சஹனில்தான் தொல்லை. மிஸ்ஸுக்கும் இதை விளக்க வேண்டியிருந்தது, அதனால் இங்கேயும் சொல்கிறேன். எங்கள் கலியாணங்களிலும் கந்தூரிகளிலும் தனித்தனியாகத் தட்டு வைப்பதில்லை. பெரிய வட்டத் தாம்பாளம் ஒன்றில் சோற்றைக் கொட்டி, நடுவில் இறைச்சியும் கறிகளும் வைத்து, சுற்றி ஐந்தாறு பேர் பாயில் உட்கார்ந்து தின்பது. அதுதான் சஹன். அவரவர் தன் பக்கத்துச் சோற்றை வலது கையால் எடுக்க வேண்டும். தோளோடு தோள் ஒட்டிக்கொண்டு இருப்போம். அந்த நெருக்கத்தில் ஒருத்தியின் முழங்கை எழும்பினால் வலப்பக்கத்தில் இருப்பவளின் கன்னத்தில்தான் போய் நிற்கும்.

அதனால் சஹனில் அவளுக்கு வலப்பக்கம் எப்போதும் நான்தான். இடி எனக்கு. கொஞ்சம் வலப்பக்கமாகச் சரிந்து இருந்துகொள்வேன், கன்னம் தப்பும், தோளில் படும். விரலிலிருந்து உதிர்கிற சோறு என் மடியில் விழும். நான் சபையில் பேசாதவள், தலை குனிந்து தின்கிறவள். என்னை யாரும் கவனிப்பதில்லை, அதனால் அவளையும் கவனிக்கவில்லை.

அவளுக்கு ஐந்து வயது ஆகப் போகிற நேரம், ஒரு கலியாண வீட்டில் அவள் என்னை விட்டுவிட்டுச் சின்னப் பெண் பிள்ளைகளின் சஹனில் போய் உட்கார்ந்துகொண்டாள். நான் தடுக்கவில்லை. எனக்கும் அது ஆசைதான். கொஞ்ச நேரத்தில் அந்தப் பக்கம் ஒரு சத்தம். பக்கத்துப் பிள்ளையின் புதுச் சட்டையில் சோறும் ஆணமும் கொட்டியிருந்தன. அந்தப் பிள்ளை பெரிதாக ஒன்றும் கோபப்படவில்லை. "செட்டைய மடக்கிக்கிட்டு இரி" என்று மட்டும் சொல்லியது. மற்றப் பிள்ளைகள் சிரித்தார்கள். இவள் எழும்பி, கழுவாத கையோடு வந்து எனக்குப் பின்னால் முகத்தை ஒட்டிக்கொண்டாள். அழவும் இல்லை.

அதற்குப் பிறகு கலியாணம் என்றால் அவளுக்கு வயிற்றுக்குள் நோகும். உடுப்பு மாட்டுகிற நேரத்தில் சரியாக நோகும். தங்கை முதலில் நம்பி மல்லித் தண்ணீர் கொடுத்தாள். பிறகு அவளுக்கும் விளங்கிவிட்டது.

அந்த நாட்களில்தான் ஆஸ்பத்திரிக் கிளினிக்கில், கொழும்பில் ஒரு டாக்டர் இப்படியான தோள்களுக்கு ஒப்பரேஷன் செய்கிறார் என்று கடிதம் தந்து அனுப்பினார்கள். மாப்பிள்ளை கட்டாரிலிருந்து போனில், "நீங்க ரெண்டு பேரும் பாத்துச் செய்ங்க, நான் துஆ செய்றன்" என்று சொன்னார். துஆ செய்வது லேசு, வெட்டுகிற இடத்தில் நிற்பதுதான் கஷ்டம் என்று தங்கை போனை வைத்த பிறகு முணுமுணுத்தாள்.

கொழும்பு டாக்டர் தமிழ் பேசினார். வார்த்தைகளை ஒவ்வொன்றாக எடுத்து வைத்துப் பேசினார். கையைத் தூக்கச் சொன்னார், தலைக்குப் பின்னால் வைக்கச் சொன்னார். அவளால் ஏலவில்லை. கடைசியில் அவளைப் பார்த்துத்தான் கேட்டார், எங்களை அல்ல.

"கை நல்லா வந்தா நீங்க என்ன செய்யப் போறீங்க?"

தலை சீவுவேன் என்று சொல்லச் சொல்லித்தான் தங்கை பழக்கி வைத்திருந்தாள். பிள்ளை அதைச் சொல்லவில்லை.

"சஹன்ல இருக்கப் போறன்."

டாக்டர் தங்கையைப் பார்த்தார். தங்கை வெட்கத்தில், "அது ஒண்டுமில்ல டாக்டர், சாப்பாட்டு விசயம்" என்று மூடப் பார்த்தாள். ஒண்டுமில்லை என்ற அந்தச் சொல் என்னைக் குத்தியது. எனக்கு எங்கிருந்து தைரியம் வந்தது என்று தெரியவில்லை. வாயால் சொல்ல வரவில்லை, ஆகவே அந்த அறையின் தரையில் உட்கார்ந்துவிட்டேன். விரலால் தரையில் ஒரு பெரிய வட்டம் போட்டேன். பிள்ளை எனக்கு இடப்பக்கம் வந்து ஒட்டி உட்கார்ந்து, இல்லாத சோற்றை எடுத்து வாயில் வைத்தாள். முழங்கை என் கன்னத்தில் வந்து நின்றது.

டாக்டர் கதிரையை விட்டு இறங்கினார். "நீங்க எழும்புங்க அம்மா, நான் இருந்து பார்க்கிறேன்" என்று என் இடத்தில் குந்திக்கொண்டார். இன்னொரு தடவை தின்னச் சொன்னார். அவரது கண்ணாடி கழன்று காதில் தொங்கியது. பக்கத்தில் நின்ற தாதி வாயைப் பொத்திக்கொண்டாள். டாக்டர் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு, "விளங்கிட்டுது" என்றார்.

பிறகு அவளது முதுகில் விரல் வைத்துக் காட்டினார். தோளை வெளியே திருப்புகிற சதைக்கு நரம்பு சரியாக வரவில்லை. உள்ளே திருப்புகிற சதைகள் பலமாக இருக்கின்றன. முதுகிலிருந்து கைக்கு வருகிற ஒரு பெரிய சதை கையை உள்ளே இழுக்கிறது. அதன் நுனியைக் கழற்றி, தோளின் பின்பக்கம் கொண்டுபோய் வைத்துத் தைத்துவிட்டால் அதே சதை வெளியே இழுக்கும். தங்கைக்கு ஒன்றும் விளங்கவில்லை. எனக்கு இது மட்டும் லேசாக விளங்கியது. பாவாடையில் நாடாவை எந்தப் பக்கம் பிடித்துத் தைக்கிறோமோ அந்தப் பக்கம்தான் துணி சுருங்கும். நாடா அதே நாடாதான்.

ஒன்றையும் மறைக்காமல் சொன்னார். மற்றக் கை போல ஒருநாளும் வராது. முதுகுக்குப் பின்னால் கொண்டுபோவது முன்னையைவிடக் கொஞ்சம் குறையலாம். "நான் தைப்பது பாதி, மிச்சப் பாதி வீட்டில் பழக்குவது, அந்தப் பாதியை என்னால் கொழும்பிலிருந்து செய்ய முடியாது" என்றார். அந்தக் கடைசி வசனத்தை நாங்கள் தலையாட்டிக் கேட்டோம். ஆனால் காதில் வாங்கவில்லை என்பது பிறகுதான் தெரிந்தது.

ஒப்பரேஷன் நாளைப் பற்றி எழுத என்னிடம் அதிகம் இல்லை. கதவுக்கு வெளியே வாங்குப் பலகையில் தங்கை ஓதிக்கொண்டிருந்தாள். நான் பிள்ளையின் சட்டையை மடியில் வைத்து, ஒரு பக்கத் தையலைப் பிரித்து, பிளாஸ்டருக்கு மேலால் கட்ட நாடா வைத்துக்கொண்டிருந்தேன். கை எப்படி இருக்குமென்று தாதி முன்னமே சொல்லியிருந்தாள். வெளியே கொண்டுவந்தபோது அப்படித்தான் இருந்தது. இடுப்பிலிருந்து விரல் நுனி வரை பிளாஸ்டர், கை பக்கவாட்டில் உயர்ந்து, முழங்கை மடிந்து, உள்ளங்கை முன்னுக்குப் பார்த்தபடி. கேள்விக்கு விடை தெரிந்த பிள்ளை வகுப்பில் கை உயர்த்துகிற மாதிரி. கண் திறந்ததும் அவள் அந்தக் கையைத்தான் பார்த்தாள்.

"பெரியம்மா, இது என்ட கையா?"

"ஓம் மகள், உன்ட கைதான்."

"மேல நிக்கிது."

"ஓம், நிக்கிது."

அவள் அதையே பார்த்துக்கொண்டு தூங்கிப்போனாள்.

வாடகை வேனில் ஊருக்கு வந்து இறங்கியபோது ஒழுங்கையே கூடி நின்றது. எதிர்வீட்டு மச்சி, என் மாப்பிள்ளையின் தங்கை, நாக்கு நீண்டவள், ஆனால் மனசுக்குள் ஒன்றுமில்லை. முதல் ஆளாக வந்து பிள்ளையைச் சுற்றிப் பார்த்துவிட்டு, "என்னகா, புள்ள கல்முன பஸ்ஸ மறிக்கிறாவா?" என்று கேட்டாள். பிள்ளை சிரித்தாள். அதற்குப் பிறகு ரோட்டில் பஸ் போகிற சத்தம் கேட்டாலே, "மாமி, நிப்பாட்டிட்டன், ஏறுங்க" என்று வாசலில் நின்று கத்துவாள்.

இனித்தான் நாங்கள் விட்ட பிழை வருகிறது. வேறு ஊராக இருந்தால் இந்தப் பிழை நடந்திருக்காது.

வலது கை பிளாஸ்டரில் இருக்கிறது. இடது கையால் சாப்பிடுவது எங்களுக்குப் பழக்கமில்லை, பிள்ளைகளுக்கு அடித்தாவது திருத்துகிற விசயம். கொழும்பு ஆஸ்பத்திரி வாட்டில் தாதி இடது கையில் கரண்டியைக் கொடுத்தபோதே தங்கை மெதுவாக வாங்கி வைத்துவிட்டு ஊட்டிவிட்டாள். ஏலாத நேரத்தில் இடது கையால் தின்றால் குற்றமில்லை என்று எங்கள் பள்ளிவாசல் மௌலவியும் சொல்லித்தான் அனுப்பினார். மனம் கேட்கவில்லை. ஊட்டினோம். நோயாளிப் பிள்ளைக்கு ஊட்டுவது நன்மை என்று ஒழுங்கைப் பெண்களும் வந்தார்கள். காலையில் ஒருத்தி பால் சோறு, பகல் ஒருத்தி கொடுவா மீன் ஆணத்தோடு குழைத்த சோறு, பின்னேரம் ஒருத்தி முட்டை. மச்சி இறால் உரித்துப் பொரித்து, சூட்டை ஊதி ஊதி வாயில் வைப்பாள். எனக்குத் தடுக்க வாயில்லை. உண்மையில் தடுக்க நினைக்கவும் இல்லை. பிள்ளைக்குக் கன்னத்தில் சதை வைத்தது.

ஒன்றரை மாதமோ என்னவோ கழித்துப் பிளாஸ்டரை வெட்டினார்கள். கை மெலிந்து, தோல் உரிந்து இருந்தது. தோளின் பின்பக்கத்தில் நீளமாக ஒரு தையல் தழும்பு. நல்ல தையல், ஊசி விழுந்த இடமெல்லாம் ஒரே இடைவெளி. கழற்றி மாட்டுகிற பட்டை ஒன்று தந்தார்கள். கிழமையில் சில நாட்கள் மட்டக்களப்பில் மிஸ்ஸிடம் பயிற்சி. அங்கே கையைத் தூக்குவாள். சுவரில் விரல் நடத்துவாள். பந்து எறிவாள். முன்பு போகாத உயரத்துக்குக் கை போனதை நாங்கள் கண்ணால் கண்டோம். தங்கை வழியெல்லாம் அல்ஹம்துலில்லாஹ் என்று சொல்லிக்கொண்டு வந்தாள்.

ஆனால் கிழமைகள் போகப் போக மிஸ்ஸின் முகம் சரியில்லை. "இங்க செய்யிறா. அடுத்த முறை வாறபோது திரும்பவும் இறுகிப்போய் வாறா. வீட்டில கையைப் பாவிக்கிறாவா?" என்று கேட்டார். பாவிக்கிறாள் என்று தங்கை சொன்னாள். அது பொய் என்று அவளுக்கே தெரியாது. மிஸ் பிள்ளையின் வலது கை விரல்களை எடுத்து மூக்கில் வைத்து மணந்து பார்த்தார். பகல் சாப்பாடு முடித்துத்தான் போயிருந்தோம்.

"பவுடர் மணக்குது" என்றார். "இண்டைக்கு என்ன கறி, பிள்ளை?"

"மீனாணம்."

"ஆர் ஊட்டினது?"

"மாமி."

"நேற்று?"

"பின்வீட்டு ராத்தா. பொறகு உம்மா."

மிஸ் எங்களைப் பார்த்தார். கோபமாகப் பேசவில்லை. "அம்மா, கொழும்பில தைச்சுவிட்ட சதைக்குத் தன்ர வேலை மாறினது இன்னும் தெரியாது. அது முந்தி உள்ள இழுத்த சதை. வெளிய இழுக்க வேணுமெண்டு சோறு தின்னத் தின்னத்தான் பழகும். ஒரு நாளைக்கு நான் குடுக்கிற பயிற்சி கொஞ்ச நேரம். ஒரு சாப்பாட்டில எத்தனை வாய் சோறு, யோசிச்சுப் பாருங்க. அதையெல்லாம் நீங்க ஒழுங்கைக்குப் பங்கு வச்சுக் குடுத்திட்டீங்க" என்றார். இன்னும் சில மாதம் இப்படியே போனால் மூட்டு இறுகிவிடும், செய்த ஒப்பரேஷன் வீணாகலாம் என்றும் சொன்னார்.

அன்றைக்கே ஊருக்குத் திரும்பினோம். பாலத்தைத் தாண்டும்போது பிள்ளை என் மடியில் கிடந்து, "பெரியம்மா, இப்ப நான் சஹன்ல இருக்க ஏலுமா?" என்று கேட்டாள். நான் ஆற்றைப் பார்த்துக்கொண்டு வந்தேன். வீணாகிவிட்டால் இந்தப் பிள்ளையிடம் என்ன சொல்வது என்பதுதான் நெஞ்சில் இருந்தது.

இனிமேல் ஊட்ட வராதீர்கள் என்று ஒழுங்கைக்குச் சொல்ல வேண்டும். தங்கை சொல்ல மாட்டேன் என்றுவிட்டாள். "எல்லாரும் அன்பில வாறாங்க ராத்தா. எந்த வாயால போகச் சொல்ற?" நியாயம்தான். எனக்கோ விலை கேட்கவே நாக்கு எழும்பாது. சோற்றுக் கோப்பையோடு வருகிறவளை வாசலில் மறித்து அனுப்ப என்னால் ஏலாது. மெஷினில் உட்கார்ந்து ஒரு சட்டை முடிகிற வரைக்கும் யோசித்தேன்.

மறுநாள் பகல் மச்சி வழக்கம்போல இறாலோடு வந்தாள். நான் பரணிலிருந்து பெரிய சஹன் தாம்பாளத்தை இறக்கிக் கழுவி, பாய் விரித்து, நடுவில் சோறு கொட்டி வைத்திருந்தேன். மச்சி வாசலிலேயே நின்றுவிட்டாள்.

"ஆருட கலியாணம்கா? எனக்குச் சொல்லவே இல்ல."

"ஒருத்தருட கலியாணமும் இல்ல. இருங்க மச்சி, கைய கழுவுங்க."

"நான் திண்டிட்டு வந்தன்கா. புள்ளக்கி ஊட்டத்தான்."

"ஊட்டாம பக்கத்துல இரிந்து தின்னுங்க. வலப்பக்கம் இருங்க." இவ்வளவும் சொல்லி முடிக்க எனக்கு வேர்த்துவிட்டது. மிஸ் சொன்னதைத் தங்கை விளக்கினாள்.

மச்சி கையிலிருந்த இறாலைப் பார்த்தாள். அவளுக்கு மனவருத்தம் என்று முகத்தில் தெரிந்தது. பிறகு முக்காட்டை இறுக்கிக்கொண்டு வலப்பக்கத்தில் காலை மடக்கிச் சப்பாணி கட்டி உட்கார்ந்தாள். "வா கிளி, பிஸ்மி சொல்லு. இண்டைக்கு மாமிட மூக்கு இருக்கிதா போகுதா பாப்பம்."

பிள்ளை வாயைத் திறந்துகொண்டு காத்திருந்தாள். யாரும் ஊட்டவில்லை. நாங்கள் மூவரும் எங்கள் பக்கத்துச் சோற்றைத் தின்றோம். அவள் அழுதாள். தங்கையின் கை சஹனில் இருந்து அவள் பக்கம் போகப் பார்த்தது, நான் அந்தக் கையை இடது கையால் பிடித்துக்கொண்டேன். கடைசியில் பசிதான் வென்றது. அவள் ஒரு பிடி எடுத்தாள். பாதி வழியில் விழுந்தது. இன்னொன்று எடுத்தாள். முழங்கை பழைய ஞாபகத்தில் எழும்பி மச்சியின் தாடையில் இடித்தது.

"மூக்கு தப்பிட்டு" என்றாள் மச்சி, மென்றுகொண்டே.

அன்றிலிருந்து ஊட்ட வருகிறவர்கள் எல்லோரும் உட்கார்ந்து தின்றார்கள். பிள்ளைக்கு வலப்பக்கத்து இடம் வந்தவளுக்கு. மிஸ் சொன்னபடி நான் இலவம்பஞ்சில் ஒரு சின்னத் தலையணை தைத்தேன், உள்ளங்கை அளவு. சாப்பிடும்போது அதை அவளது கக்கத்தில் வைத்து முழங்கையால் இடுக்கிக்கொள்ள வேண்டும். முழங்கை எழும்பினால் தலையணை விழும். விழாமல் கை வாய்க்குப் போக வேண்டுமென்றால் தோள் வெளியே திரும்பித்தான் ஆக வேண்டும். முதல் நாட்களில் அது விழுந்துகொண்டே இருந்தது. ஒருநாள் பருப்பு ஆணத்துக்குள் விழுந்து, பின்வீட்டு ராத்தாவின் முகம், முக்காடு எல்லாம் தெறித்தது. அவள், "பஞ்சும் பருப்பும் நல்ல சேர்மானம்" என்று எடுத்துப் பிழிந்தாள். பிள்ளை சிரித்துப் புரையேறினாள். நான் தலையணைக்கு உறைகள் தைத்து வைத்தேன், மாற்றுவதற்கு.

எங்கள் ஒழுங்கையில் பிள்ளையின் கை எந்த மட்டத்தில் நிற்கிறது என்பது மிஸ்ஸுக்குத் தெரிய முன்னமே தெரிந்துவிடும். மதிலுக்கு மேலால் பேசிக்கொள்வார்கள். "இண்டைக்கு எனக்குத் தோள்ல பட்டிச்சி." "எனக்கு நேத்துக் கையில, இஞ்ச." "எனக்குப் படவே இல்லகா." "அது நீ தள்ளி இரிந்திருப்பாய்." படவே இல்லை என்று சொன்னவளை மச்சி நம்பாமல், அடுத்த நாள் வேண்டுமென்றே ஒட்டி உட்கார்ந்து பார்த்தாள்.

மிஸ் மறுபடியும் விரல்களை மணந்து பார்த்தபோது, "இறால்" என்றார். அந்தத் தலையணையை வாங்கிப் பார்த்துவிட்டு, இதே மாதிரி இன்னும் சில வேண்டும் என்று கேட்டார். இப்போது மிஸ்ஸின் பயிற்சி அறையில் கிடப்பவை நான் தைத்தவைதான்.

எல்லாம் வந்துவிட்டது என்று எழுத மாட்டேன். அந்தக் கை மற்றக் கையைவிடக் கொஞ்சம் கட்டை. தலைக்கு மேலே முழுதாக நேராகாது, காது மட்டத்தில் வளைந்து நிற்கும். டாக்டர் சொன்னது போல முதுகுக்குப் பின்னால் அவ்வளவாகப் போகாது. அதனால் அவளுடைய சட்டைகளுக்கு நான் பொத்தானை முன்பக்கம் வைக்கிறேன். இடது கையால் முடியைப் பின்னுக்குப் பிடித்து, வலது கையால் தலையைச் சீவிக்கொள்கிறாள். கொடியில் தன் சட்டையைத் தானே காயப் போடுகிறாள், கொடியைக் கொஞ்சம் இறக்கிக் கட்டியிருக்கிறேன்.

போன நோன்புப் பெருநாளுக்குப் பிறகு, மச்சியின் மகன் வழிப் பேத்திக்குக் கலியாணம் வந்தது. யாருக்கும் வயிற்றுக்குள் நோகவில்லை. மற்றப் பெண் பிள்ளைகள் எடுத்த துணியிலேயே தனக்கும் சட்டை வேண்டும் என்று பிள்ளை கேட்டாள். மினுக்குத் துணி, ஊசி வழுக்குகிற சாதி. தைத்துக் கொடுத்தேன், முன்பக்கம் பொத்தான் வைத்து.

கலியாண வீட்டில் பெண்கள் பக்கம் பாய்கள் விரித்தார்கள். நான் வழக்கம்போலச் சுவரோரம் ஒரு சஹனில் உட்கார்ந்தேன். அவள் வரவில்லை. தலையைத் திருப்பிப் பார்த்தேன். சின்னப் பெண் பிள்ளைகளின் சஹனில் இருந்தாள். அவளுக்கு வலப்பக்கத்தில் இருந்தது அன்றைக்குச் செட்டை என்று சொன்ன அதே பிள்ளை. அந்தப் பிள்ளைக்கு அது ஞாபகம் இருந்த மாதிரியே தெரியவில்லை. இரண்டு பேரும் நடுவில் கிடந்த ஒரு எலும்புத் துண்டுக்கு ஆள் ஆளுக்குக் கண் வைத்துக்கொண்டிருந்தார்கள்.

அவள் பிடித்த முதல் பிடியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். தலையணை வீட்டில் இருந்தது. கை எழும்பியது. முழங்கை கொஞ்சம் வெளியே வந்தது, வரத்தான் செய்யும், ஆனால் பக்கத்துப் பிள்ளையின் சட்டைக் கையைத் தொடாமல் நின்றது. சோறு வாய்க்குள் போனது. இரண்டாவது பிடி. மூன்றாவதுக்கு அவள் எலும்புத் துண்டையே எடுத்துவிட்டாள். மற்றவள், "எனக்கும் பிச்சித் தா" என்று கேட்க, பிய்த்துக் கொடுத்தாள். யாரும் அவளைப் பார்க்கவில்லை, என்னைத் தவிர.

"என்னகா ஒரு பக்கம் சரிஞ்சிக்கிட்டு இரிக்காய்? முதுகு நோகுதா?" என்று எதிரே இருந்த மச்சி கேட்டாள். அப்போதுதான் எனக்கே தெரிந்தது. என் இடப்பக்கத்தில் ஒரு பிள்ளை இருக்கிற அளவு இடத்தை விட்டுவிட்டு, நான் வலப்பக்கமாகச் சரிந்து உட்கார்ந்திருக்கிறேன். மச்சி அந்த இடத்தைப் பார்த்தாள். பிறகு பிள்ளை இருக்கிற பக்கம் பார்த்தாள். அவளும் பேசாமல் இருக்கத் தெரிந்தவள் என்று அன்றைக்குத்தான் கண்டேன். இடமில்லாமல் நின்ற ஒருத்தியைக் கூப்பிட்டு அந்த இடத்தில் இருத்திவிட்டாள். நான் நிமிர்ந்து உட்கார்ந்து சாப்பிட்டேன். ஆணத்தில் உப்புக் கொஞ்சம் கூடத்தான்.

இவ்வளவுதான் என் ஞாபகத்தில் உள்ளது. மிஸ் இதை ஒருமுறை வாசித்துப் பார்க்க வேண்டும். கழற்றித் தைத்த சதை முதுகில் இருந்ததுதானா, பிளாஸ்டர் ஒன்றரை மாதமா அதற்கு மேலா, டாக்டர் சொன்னதை நான் நாடாவோடு சேர்த்துக் குழப்பிவிட்டேனா என்று தெரியவில்லை. தங்கையிடமும் கேளுங்கள், அவளிடம் ஆஸ்பத்திரிக் கடதாசிகள் இருக்கின்றன. பிழை கண்ட இடத்தில் வெட்டி எழுதுங்கள், எனக்கு மனவருத்தம் இல்லை. சஹனில் நான் இருந்தது அவளுக்கு வலப்பக்கம். அதை மட்டும் யாரும் சரிபார்க்கத் தேவையில்லை.